நாய்களுக்காக ஒரு நடை



நடைபயணம் என்றாலே நம் மக்களுக்கு நினைவுக்கு வருவது வேளாங்கண்ணிதான். ஆகஸ்ட் மாதக் கடைசியில் காவி உடுத்தி, தோளில் பையைத் தொங்கவிட்டு, மாதா தேரைத் தள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்து போவதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். அந்தக் கூட்டங்களில் சில நேரம் எங்கிருந்தோ வந்த ஒரு தெருநாயும் சேர்ந்துகொள்ளும். ஊர் எல்லைவரை வரும். சில நாய்கள் அதையும் தாண்டி வரும். யாராவது ஒரு பிஸ்கட்டைப் போடுவார்கள். அவ்வளவுதான், அது யாருக்கும் பெரிய செய்தி அல்ல.

ஆனால் நாய்களுக்காகவே மனிதர்கள் நடக்கின்ற நடை ஒன்று உலகில் உண்டு என்ற செய்தி, எங்கள் அன்பியக் கூட்டத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் குடியேறிய நம் பங்குக் குடும்பம் ஒன்று, 2019 மே மாதத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கயிறு, கயிற்றின் நுனியில் ஒரு நாய். சில நாய்களுக்குக் கழுத்தில் வண்ணக் கைக்குட்டை. நம் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அண்டை வீட்டாரின் நாயோடு நிற்கிறார்கள். கைபேசி கைமாறிக் கைமாறி வட்டமாகச் சுற்றி வந்தது. செபமாலை முடிந்த அமைதி அத்தோடு போய்விட்டது.

"மனுசன் சோத்துக்கு அலையுறான். இவங்க நாய்க்கு ஊர்வலம் போறாங்களா?" என்றார் ஒரு பெரியவர். சிலர் சிரித்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு தாய் மட்டும் சிரிக்கவில்லை. "கொஞ்சுறவங்க கொஞ்சட்டும் தாத்தா. எம்புள்ளைய நாய் கடிச்சப்ப ஊசி போட நாலு தடவ ஆஸ்பத்திரிக்கு அலைஞ்சேன். நாலு நாள் கூலி போச்சு. அதுக்கு யாரு நடப்பாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அதைப் பற்றி யோசித்ததன் விளைவே இந்தப் பகிர்வு.

முதலில் அந்த நடை என்னவென்று பார்ப்போம். படத்தில் இருந்தது 'மில்லியன் பாஸ் வாக்' என்ற நிகழ்ச்சி. தமிழில் 'பத்து இலட்சம் பாதங்களின் நடை' என்று சொல்லலாம். ஒரு நாய்க்கு நான்கு பாதம் என்று கணக்கிட்டால் இரண்டரை இலட்சம் நாய்கள்! விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைத் தடுக்கும் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. 1994-ஆம் ஆண்டில் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் இதைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் நாடு முழுவதும் பரவி, மே மாதத்து ஞாயிறு ஒன்றில் பல நகரங்களில் ஒரே நேரத்தில் நடக்கும் நிகழ்ச்சியாக அது வளர்ந்தது. (ஞாயிறு காலையில் எத்தனை பேர் திருப்பலிக்குப் போய்விட்டு நடக்க வந்தார்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம் ஊரில் ஞாயிறு காலை கிரிக்கெட் மைதானங்களில் எத்தனை பேர் என்றும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.)

பணம் எப்படிச் சேர்கிறது? நடப்பவர் ஒரு நுழைவுக் கட்டணம் செலுத்துகிறார். அத்தோடு உறவினர், நண்பர், உடன் வேலை செய்பவர்கள் எல்லாரிடமும் சொல்லி, 'நான் இத்தனை கிலோமீட்டர் நடக்கிறேன், நீங்கள் உங்களால் ஆனதைக் கொடுங்கள்' என்று நன்கொடை திரட்டுகிறார். நாய் உணவு நிறுவனங்கள் விளம்பரத்துக்காகப் பணம் தருகின்றன. சேர்ந்த தொகை, கைவிடப்பட்ட நாய் பூனைகளுக்கான காப்பகங்களுக்கும், மருத்துவத்துக்கும், கொடுமை பற்றிய புகார்களை விசாரிக்கும் ஆய்வாளர்களுக்கும் போகிறது. அந்நாட்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரம் இந்தச் சங்கத்தின் ஆய்வாளர்களுக்கு உண்டு. ஆனால் செலவில் பெரும்பகுதியை மக்களின் நன்கொடைதான் தாங்குகிறது.

இதே போன்ற நடைகள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. சிலவற்றின் பணம் நாய்களுக்கு மட்டும் போவதில்லை. காது கேளாதோருக்குத் துணைநாய்களைப் பயிற்றுவித்துத் தரும் பிரிட்டன் அமைப்பும் இப்படிப்பட்ட நடைகளை நடத்துகிறது. அழைப்பு மணி அடித்தால், குழந்தை அழுதால், தீ எச்சரிக்கை ஒலித்தால் அந்த நாய் எசமானரைத் தொட்டு உணர்த்தும். பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களும் அவ்வாறே. 1931-இல் இங்கிலாந்தின் வாலஸி என்ற ஊரில் இரண்டு பெண்களின் முயற்சியால் நான்கு நாய்களோடு தொடங்கிய பணி அது. 'நாய்க்காக நடக்கிறார்கள்' என்று நாம் சிரிக்கும்போது, சில இடங்களில் நாய் யாருக்காக நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று நம்மில் பலருக்குத் தெரியாது. நடந்து நிதி திரட்டும் இந்த வழக்கம் பரவியதில் மனிதரின் பசிக்குப் பெரும் பங்கு உண்டு. 1967-இல் கனடாவில் 'மைல்ஸ் ஃபார் மில்லியன்ஸ்' என்ற பெயரில் ஏழை நாடுகளுக்காக மக்கள் நடந்தார்கள். 1969-இல் அமெரிக்காவின் வட டகோட்டாவில் பிஸ்மார்க் நகரத்துக் கிறிஸ்தவர்கள் பசித்தோருக்காக நடந்தார்கள். அதே 1969-இல் பாஸ்டன் நகரில் பவுலிஸ்ட் துறவிகளின் கத்தோலிக்க மையத்தில் 'பசிக்காக நடை' தொடங்கியது. மற்ற காரியங்களுக்காகவும் மக்கள் இப்படி நடந்தார்கள். புற்றுநோய்க்கு, இதய நோய்க்கு, பள்ளிக் கட்டடத்துக்கு, கடைசியில் நாய்க்கும். ஆக, பெரியவரின் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது. பசித்த மனிதனுக்காக நடந்த வழியில் இன்று நாயும் நடக்கிறது. அப்படியானால் பசித்தவனின் இடத்தை நாய் பிடித்துக்கொண்டதா?

வரலாற்றைப் பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது. 1824 ஜூன் 16 அன்று இலண்டனில் ஒரு காப்பிக் கடையில் 22 பேர் கூடி, விலங்குகளுக்கான உலகின் முதல் பெரிய சங்கத்தை உருவாக்கினார்கள். பின்னாளில் ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஆனது அதுதான். கூட்டத்தைக் கூட்டியவர் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குரு. இந்தப் பணிக்காகத் தம் பங்குப் பொறுப்பையே விட்டவர். சங்கத்துக்கு வருமானம் இல்லை, கடன் ஏறியது. 1826-இல் அந்தக் கடனுக்காக அவரைச் சிறையில் போட்டார்கள்! நண்பர்கள் பணம் திரட்டி அவரை மீட்டார்கள். விலங்குநலச் சங்கத்துக்காக நடந்த ஆரம்பகால நிதி திரட்டல்களில் ஒன்று, ஒரு குருவைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவருவதற்காக நடந்தது என்று சொன்னால் தவறாகாது.

அந்த 22 பேரில் ஒருவர் வில்லியம் வில்பர்போர்ஸ். கறுப்பின மக்களை அடிமைகளாக விற்பதை எதிர்த்து வாழ்நாள் முழுவதும் போராடியவர். இன்னொருவர் அயர்லாந்தின் கால்வேயைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்ட்டின். கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1822-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த இவரே, கத்தோலிக்கருக்கு மறுக்கப்பட்ட அரசியல் உரிமைகளுக்காகவும் நாடாளுமன்றத்தில் பேசினார். அடிமைக்கு இரங்கிய மனமும் அடிபட்ட குதிரைக்கு இரங்கிய மனமும் அவர்களிடம் வேறு வேறாக இருக்கவில்லை.

இதைவிட வியப்பான நிகழ்ச்சி 1874-இல் நியூயார்க்கில் நடந்தது. மேரி எல்லன் என்ற, ஏறத்தாழப் பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத் தாய் நாள்தோறும் அடித்துத் துன்புறுத்தினாள். ஏழைகளின் வீடுகளைச் சந்தித்துவந்த எட்டா வீலர் என்ற பெண் இதை அறிந்து, உதவி தேடி அலைந்தார். தலையிட யாருக்கும் துணிவில்லை. கடைசியில் அவர் போய் நின்றது விலங்குகளுக்கான சங்கத்தின் தலைவர் ஹென்றி பெர்க் முன்னால். பெர்க் தம் வழக்கறிஞரைக் கொண்டு நீதிமன்றத்துக்குப் போனார். சிறுமி மீட்கப்பட்டாள், வளர்ப்புத் தாய்க்கு ஓர் ஆண்டு சிறை. அந்த வழக்கிலிருந்து பிறந்ததுதான் குழந்தைகளைக் கொடுமையிலிருந்து காக்கும் நியூயார்க் சங்கம். குதிரைக்கும் நாய்க்கும் பாதுகாப்பு இருந்த நகரில் குழந்தைக்குப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது என்பது வெட்கக்கேடுதான். ஆனால் அந்த வெட்கத்தைத் துடைத்தவர்கள் நாய்களை வெறுத்தவர்கள் அல்ல என்பதைக் கவனியுங்கள்.

அது கடல் கடந்தும் வந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நாய்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று விலங்குநலச் சங்கக் கூட்டத்தில் விடுக்கப்பட்ட வேண்டுகோள், குழந்தைகளைக் காக்கும் வேண்டுகோளாக விரிந்தது. 1883-இல் அங்கே குழந்தைகளுக்கான சங்கம் தோன்றியது. மறு ஆண்டு, 1884 ஜூலையில், இலண்டனிலும் அப்படியொரு சங்கம் தொடங்கியபோது ஆதரவாக நின்றவர்களில் ஒருவர் வெஸ்ட்மின்ஸ்டர் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மேனிங். இதே கர்தினால்தான், உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வு செய்வதை எதிர்த்த இயக்கத்தின் மேடைகளிலும் பேசியவர். துறைமுகத் தொழிலாளர்களின் 1889-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் அவர்களுக்காகத் தூது போனவரும் இவரே. ஒரே மனிதர், மூன்று கவலை.

அப்படியென்றால் திருஅவை இதைப் பற்றி என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2415 முதல் 2418 வரையுள்ள எண்களில் இதைப் பேசுகிறது. விலங்குகள் இறைவனின் படைப்புகள், அவற்றுக்கு நாம் பரிவு காட்டக் கடமைப்பட்டிருக்கிறோம், தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்கிறது. அத்தோடு நிறுத்தவில்லை. மனிதரின் துயர் துடைக்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. விலங்குகளை நேசிக்கலாம், ஆனால் மனிதருக்கே உரிய பாசத்தை அவற்றின்மீது திருப்பிவிடக் கூடாது என்பதும் அதே எண்ணில் இருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள், 2016 மே 14 அன்று வழங்கிய மறைக்கல்வி உரையில் இதைத் தமக்கே உரிய எளிய முறையில் சொன்னார். நாய் பூனைமீது அத்தனை பாசம் வைத்திருப்பவர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் தேவையைக் கண்டுகொள்ளாமல் விடுவதை எத்தனை முறை பார்க்கிறோம் என்று கேட்டார். அசிசியாரின் பெயரைச் சூடிக்கொண்ட, 'இறைவா உமக்கே புகழ்' திருமடலை 2015-இல் எழுதிய அதே திருத்தந்தைதான் இப்படியும் கேட்டார். அந்தத் திருமடலிலும் இரண்டும் இருக்கின்றன. எந்த உயிருக்குச் செய்யும் கொடுமையும் மனிதர்மீதே திரும்பும் என்று அது எச்சரிக்கிறது. மற்ற உயிரினங்களுக்காகக் கொதிப்பவர்கள், மனிதர் விற்கப்படுவதைக் கண்டும் காணாமல் இருப்பது முரண்பாடு என்றும் சொல்கிறது.

மறைக்கல்வியின் அந்த வரியை எடுத்து நாய்ப் பிரியர்களின் தலையில் அடிப்பது எளிது. எங்கள் கூட்டத்திலும் ஒருவர் அப்படித்தான் செய்தார். ஆனால் ஏழைக்குப் போக வேண்டிய பணம் நாய்க்குப் போவது மட்டும்தானா தவறு? திருவிழா வாணவேடிக்கையில் பத்து நிமிடத்தில் புகையாகிப் போகும் பணத்தை அந்த எண்ணோடு சேர்த்து நாம் என்றாவது வாசித்தது உண்டா? வின்சென்ட் தே பவுல் சபை உண்டியலில் விழும் சில்லறையை நாம் அறிவோம். (வாணவேடிக்கை நேரத்தில் தெருநாய்கள் படும் பாட்டையும் அறிவோம்.) ஆஸ்திரேலியாவில் நாயோடு நடப்பவரின் பணப்பையைச் சோதிப்பதற்கு முன் நம் பங்கின் வரவு செலவைப் பார்ப்பது நல்லது.

கானானியப் பெண்ணின் நிகழ்ச்சி இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. பிள்ளைகளுக்கு உரிய அப்பம், மேசைக்கடியில் விழும் துணுக்குகள் என்று அங்கே வருகிறது பேச்சு. அந்தத் தாய் தன் மகளுக்காகத்தான் வாதாடினாள். அவள் வாதத்தின் நயமே, பிள்ளைகளின் பங்கைக் குறைக்காமலேயே நாய்க்குட்டிகளுக்கும் கிடைக்கும் என்பதுதான். மத்தேயு நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்து வாசித்துப் பாருங்கள்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே நிலைமை அடியோடு வேறு. ஆஸ்திரேலியாவில் நாய்களிடையே ரேபிஸ் நோயே இல்லை. அநேகமாக ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீடு, ஓர் எசமானர். அங்கே நாய்க்காக நடப்பது பரிவின் காரியம். இங்கே நாய், தெருவின் உயிர். யாருடையதும் அல்ல, எல்லாருடையதும்தான். அது நோயுற்றால் முதலில் கடிபடுவது செருப்பில்லாமல் தெருவில் விளையாடும் பிள்ளை. உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாக மதிப்பிடப்படுகிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு நாய்களிடமிருந்து வருகிறது. ரேபிஸ் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். இந்தியாவில் ஆண்டுக்கு 5,700-க்கும் மேற்பட்டோர் இறப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அண்மை ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் மட்டும் 2024-ஆம் ஆண்டில் பதிவான நாய்க்கடிகள் ஏறத்தாழ 4 இலட்சத்து 80 ஆயிரம். இறந்தவர்கள் 43 பேர்.

2025-இல் இது உச்ச நீதிமன்றத்துக்கே போனது. டெல்லியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி ரேபிஸால் இறந்த செய்தியைப் படித்து நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று, டெல்லிப் பகுதியின் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாய்களுக்காகத் தலைநகரில் ஊர்வலம் போனார்கள், மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் மட்டும் விதிவிலக்கு என்றது. கண்ட இடத்தில் உணவு போடாமல், அதற்கென ஒதுக்கிய இடங்களில் மட்டும் போட வேண்டும் என்றும் சொன்னது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்றச் சொல்லி மற்றோர் உத்தரவு பிறந்தது.

இந்த மூன்று மாதங்களிலும் நாடு இரண்டாகப் பிரிந்து கத்தியது. ஒரு பக்கம் நாய்ப் பிரியர்கள், மறுபக்கம் கடிபட்டவர்களின் வீட்டார். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் கொடியவர். இரு பக்கத்துக்கும் வேண்டியது ஒரே ஊசிதான் என்பதை உரக்கச் சொல்ல ஆட்கள் குறைவாகவே இருந்தார்கள்.

'பிடித்துக் கொன்றுவிட்டால் தீர்ந்தது' என்பவர்களுக்குச் சென்னையின் கதையைச் சொல்ல வேண்டும். 1860 முதல் அந்த நகராட்சி தெருநாய்களைக் கொன்றுவந்தது. 1990-களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள்வரை கொல்லப்பட்டன. நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. ஒரு தெரு காலியானால் அடுத்த தெருவின் நாய்கள் வந்து குட்டி போட்டன. கருத்தடையும் தடுப்பூசியும்தான் வழி என்று, 1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட புளூ கிராஸ் அமைப்பு 1964 முதலே சொல்லிவந்தது. மாநகராட்சி கேட்டது 1996-இல்தான். பின்னர் 2001-இல் அது நாடு முழுமைக்கும் விதியானது. 2023-இல் புது விதிகள் வந்தன. விதி எழுதுவதில் நாம் குறை வைப்பதில்லை. பத்து நாய்க்கு ஏழு நாய் என்ற அளவில் தடுப்பூசி போட்டால் ஓர் ஊரில் ரேபிஸ் பரவல் அறுந்துவிடும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. அந்த ஏழை எட்டுவதில்தான் நம் ஊராட்சிகளும் நகராட்சிகளும் தடுமாறுகின்றன. ஆள் இல்லை, வண்டி இல்லை, பணம் இல்லை.

எட்டிய இடம் இல்லாமல் இல்லை. கோவாவைப் பாருங்கள். 2013-இல் பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர்கள் தொடங்கிய 'மிஷன் ரேபிஸ்' அமைப்பு, மாநில அரசோடு சேர்ந்து அங்கே வேலை செய்தது. வலையும் ஊசியும் கைபேசியில் வரைபடமுமாகத் தெருத் தெருவாகப் போய், ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டார்கள். பள்ளிகளுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் கோவாவில் ரேபிஸால் ஒருவரும் இறக்கவில்லை. 2021-இல் அது ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அரசின் நிதி இருந்தது, உண்மை. ஆனால் அந்த வலையையும் வண்டியையும் முதலில் கொண்டுவந்து நிறுத்தியதில், பிரிட்டனின் நாய்ப் பிரியர்கள் கொடுத்த நன்கொடைக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே யாரோ தன் நாயை நேசித்துக் கொடுத்த பணம், இங்கே ஒரு கோவாப் பிள்ளையின் உயிராக மாறியிருக்கிறது. 'நாய்க்குக் கொடுத்தது' என்று அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நம் மண்ணிலும் இப்படி ஒன்று முன்பே நடந்திருக்கிறது. நீலகிரியில் நாய் கடித்த ஓர் ஆங்கிலேயப் பெண் 1902-இல் மருந்தில்லாமல் இறந்தார். அந்தத் துயரத்துக்குப் பின் ஓர் அமெரிக்கச் செல்வரின் நன்கொடையும் சேர்ந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் எழுந்தது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று நம் தாத்தா பாட்டிமார் நடுங்கிச் சொல்வார்களே, அந்தக் காலம் 2004-இன் இறுதியோடு முடிந்தது. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலில் போடும் ஊசி நான்கு தவணை. கடித்த அன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே போடும் மருந்து தனி. நாய் கடித்த உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். 'குட்டிதானே, லேசாகப் பல் பட்டதுதானே' என்றும் இருந்துவிடக் கூடாது. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாகப் பிழைப்பதில்லை. இதையெல்லாம் இங்கே எழுதுவதற்கு மன்னிக்கவும். ஆனால் திருப்பலி முடிந்த அறிவிப்பில் இதை நாம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

தோபித்து நூலில், தோபியா வானதூதரோடு பயணம் புறப்படுகையில் நாயும் உடன் சென்றது என்று ஒரு குறிப்பு வரும். அந்த நாய் அங்கே எதுவும் செய்வதில்லை. போகும்போதும் இருக்கிறது, திரும்பும்போதும் இருக்கிறது. விவிலிய அறிஞர்கள் அது எதற்கு என்று பலவாறு எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு ஒரு நாய் இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னோம். பெரியவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுறவனையும் இவங்களையும் ஒண்ணா வைக்காதீங்க" என்றார். அதில் எங்களுக்கும் மறுப்பில்லை. செல்ல நாய்க்குப் பட்டுச் சட்டை தைப்பதும் தெருநாய்க்கு ஊசி போடுவதும் ஒன்றல்ல. கழுத்தில் கைக்குட்டை கட்டிப் படம் எடுத்துக்கொள்வதோடு முடிகிற நடைகளும் உண்டு. பணம் எங்கே போனது என்று ஆண்டறிக்கையைக் கேட்கும் உரிமை, கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் உண்டு.

பிறகு நாள் குறித்தோம். உலக ரேபிஸ் நாள் செப்டம்பர் 28. ஒன்பது வயதுச் சிறுவனுக்கு 1885-இல் முதல் ஊசி போட்டுக் காப்பாற்றிய லூயி பாஸ்டர் இறந்த நாள் அது. அதற்கு ஆறு நாள் கழித்து, அக்டோபர் 4, அசிசியாரின் திருநாள். அந்த ஆறு நாளுக்குள் எங்கள் மூன்று தெருக்களின் நாய்களுக்குத் தடுப்பூசி போடக் கால்நடை மருத்துவரைக் கேட்டிருக்கிறோம். இளையோர் கோவிலிலிருந்து சந்தைவரை நடந்து நிதி திரட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நாய் வருமா என்று தெரியாது, வந்தால் வரட்டும்.

ஒரு சிறுவன் நோட்டோடு தெருவில் இறங்கிக் கணக்கெடுத்து வந்தான். மொத்தம் 19 நாய்கள். காதின் நுனி வெட்டப்பட்டவை, அதாவது ஏற்கெனவே கருத்தடை ஆனவை, ஆறு மட்டும். நாய்களைப் பிடித்துக்கொள்ள யார் வருவது என்று கேட்டபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அந்தத் தாய் சொன்னார்: "எம்புள்ளைய கடிச்சது தண்ணித் தொட்டிக்கிட்ட படுத்திருக்குற செவலை. அதுக்குக் காது வெட்டல. நான் சோறு வெச்சா வரும். அதை நான் பிடிச்சுக்கிறேன்."

அவர் பெயரை நோட்டில் முதலாவதாக எழுதினோம்.